டாக்டர் ஸ்டெங் இன்னும் பச்சைதான்

வெண்டெல் கோஸ்கியைத் தபால் அறையிலிருந்து நான்காம் மாடிக்கு மாற்றினார்கள். நிறுவனத்துக்கு இனித் தபால் வராது என்று திரை காட்டியதுதான் காரணம். தபால் வந்துகொண்டுதான் இருந்தது. அதை அவர் சொல்லிப் பார்த்தார். திரையில் அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றார்கள். மூட்டைகளைக் காட்டினார். அதெல்லாம் பழைய முறைத் தபால் என்றார்கள். அவர் பேச்சுக்காரர் இல்லை. ஐம்பத்தைந்து வயதுவரை உறைகளைப் பிரித்து அடுக்கியே வாழ்ந்தவர்.

டுலூத் நகரில் ஏரியைப் பார்த்த மேட்டில் நிற்கிறது அந்தக் கட்டடம். பைன்ஹார்பர் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு உடம்புக்கு வந்தால் எந்த டாக்டரிடம் போகலாம், எவரிடம் போனால் கைக்காசு கரையும் என்பதையெல்லாம் அந்தக் கட்டடம்தான் தீர்மானிக்கிறது. நான்காம் மாடியில் டாக்டர்களின் விவரங்களைப் பராமரித்தார்கள். யார் எந்தத் தெருவில் இருக்கிறார், தொலைபேசி எண் என்ன, புதிய நோயாளிகளை ஏற்றுக்கொள்கிறாரா என்கிற விவரங்கள். பராமரித்தார்கள் என்றால் அவற்றைத் திருத்தினார்கள் என்று அர்த்தமில்லை. அவை நன்றாக இருப்பதாகக் காட்டும் சதுரங்களைப் பராமரித்தார்கள்.

ஒரு சுவர் முழுக்கத் திரை. திரை முழுக்கச் சதுரங்கள். ஒவ்வொன்றுக்கும் விட்ஜெட் என்று பேர். பச்சையாக இருந்தால் நலம். மஞ்சளானால் கவலை. சிவப்பானால் அங்கே யாருக்கோ வேலை போகும். எந்த விட்ஜெட் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் நிறம் மாற வேண்டும் என்று அமைப்பதுதான் வெண்டெலுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

துறைக்குத் தலைவர் டிரென்ட் ஹேவர்கேம்ப். தரவு நம்பிக்கைத் துணைத் தலைவர் என்பது பதவியின் பெயர். நாற்பதைத் தொடாத வயது. டுலூத் ஜனவரியிலும் சாக்ஸ் இல்லாமல் ஷூ போடுகிறவர். அவர் வெண்டெலை முதல் நாளே சுவருக்கு முன்னால் நிறுத்தி விளக்கினார்.

"முன்னெல்லாம் நாம தகவலச் சரிபாத்துக்கிட்டு இருந்தோம், வெண்டெல். ஒவ்வொரு டாக்டருக்கும் போன் போடுறது, இருக்கீங்களா, எடம் மாறிட்டீங்களான்னு கேக்குறது. அது சந்தேகப்படுற கலாசாரம். இப்ப நாம நம்புறோம். நம்பிக்கைய அளக்குறோம். அளந்து சுவத்துல காட்டுறோம்."

வெண்டெல் தலையாட்டினார். நம்பிக்கையை எதைக் கொண்டு அளக்கிறார்கள் என்று கேட்க நினைத்தார். புது ஆள் கேட்கலாமா என்று தெரியாததால் விட்டுவிட்டார்.

தினமும் காலையில் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு சுவருக்கு முன்னால் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கூட்டம் நீளும் என்று எங்கோ படித்திருந்தார்கள். நின்றும் அது நீண்டது. ஒவ்வொருவரும் தன் விட்ஜெட்டின் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டும். ஒரு மாதம் எந்தப் பச்சையைப் பயன்படுத்துவது என்று விவாதம் நடந்தது. மினியாபொலிஸிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். இப்போதிருக்கும் பச்சை தயங்குகிறது என்றார். இன்னொரு பச்சையைக் காட்டி, இது உறுதி சொல்கிறது என்றார். வெண்டெலுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தது. பக்கத்து மேசை லூவானிடம் மெதுவாகக் கேட்டார். லூவான் ஓய்வு பெறும் நாளை எண்ணிக்கொண்டிருந்த பெண்மணி. கூட்டம் நடக்கும்போது மடியில் கையுறை பின்னிக்கொண்டிருப்பார். தனக்கும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது, ஆனால் அந்த நிபுணரின் ஒரு நாள் கூலி தெரிந்தால் உனக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும் என்றார் லூவான்.

ஒரு நாள் வடக்கே ஒரு சுரங்க ஊரில் இருந்த சின்ன கிளினிக் மூடப்பட்டது. அங்கிருந்த டாக்டர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். வெண்டெலின் விட்ஜெட் ஒன்று சிவந்தது. அவசரக் கூட்டம் போட்டார்கள். யாரும் கிளினிக்கைப் பற்றிப் பேசவில்லை. சிவப்பு எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று பேசினார்கள். பிறகு வெண்டெல், டிரென்ட் சொன்னபடி, சிவப்பின் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். சுவர் மறுபடி பச்சையானது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ டோனட் வாங்கி வந்தார்கள். வெண்டெல் ஒன்று எடுத்துத் தின்றார். கிளினிக் மூடியேதான் கிடந்தது.

இதெல்லாம் அவருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, மார்லிஸின் கைகள் வீங்கும்வரை.

மார்லிஸ் அவர் மனைவி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். டுலூத்தில் பேருந்து ஓட்டுவது என்றால் மலையில் ஓட்டுவது. குளிர்காலத்தில் அந்த மலை முழுக்கப் பனிக்கட்டி. இலையுதிர்காலத்தில் அவள் விரல் மூட்டுகள் தடித்தன. காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. நவம்பரில் ஒரு நாள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏரியை நோக்கி இறங்கும் தெருவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். கை திரும்ப மறுத்தது. முழங்கையால் அழுத்தி எப்படியோ திருப்பிவிட்டாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் வண்டிச் சாவியைப் பேருந்துக் கொட்டகை மேலாளரிடம் கொடுத்து, கை சரியாகும்வரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

குடும்ப டாக்டர் பார்த்துவிட்டு, இது முடக்குவாதம், உடனே மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள், தாமதித்தால் விரல்கள் கோணிப்போய் அப்படியே நின்றுவிடும் என்றார். வெண்டெலின் வேலையோடு சேர்ந்து வந்ததுதான் அவர்கள் இருவருக்குமான காப்பீடு. ஆகவே பைன்ஹார்பரின் பட்டியலில் தேடினார்கள். அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர் இருந்தார். டாக்டர் கோர்டன் ஸ்டெங். புதிய நோயாளிகளை ஏற்றுக்கொள்கிறார். பச்சை.

மார்லிஸ் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். பின்னணியில் ஏதோ குரைத்தது. டாக்டர் ஸ்டெங் இருக்கிறாரா என்று மார்லிஸ் கேட்டாள்.

"அவர் மேல போயிட்டாருங்களே."

"எந்த மாடி?"

"மாடி இல்லைங்க. செத்துட்டாரு. இது நாய் குளிப்பாட்டுற கடை. அவரு எடத்தையும் போன் நம்பரையும் நாந்தான் எடுத்திருக்கேன். வாரத்துக்கு நாலு பேராவது உங்கள மாதிரிக் கூப்பிடுறாங்க. பாவமா இருக்கு."

மறுநாள் வெண்டெல் லூவானிடம் இதைச் சொன்னார். லூவான் ஊசியை நிறுத்தாமலே, ஆமாம், ஸ்டெங் போய் மூன்று வருஷம் ஆகிறது, சவ அடக்கத்துக்குத் தானே போயிருந்ததாகவும், அங்கே கொடுத்த ஹாம் சாண்ட்விச் நன்றாக இருந்ததாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "யோவ், அந்தாளக் கிளறாத. இந்தச் சுவத்துல பாதி அவரு மாதிரி ஆளுங்கதான்" என்றார்.

வெண்டெல் கிளறினார். டாக்டர் ஸ்டெங்கின் விவரத்தைத் திறந்து நீக்குவதற்கான பொத்தானை அழுத்தினார். நீக்கத்துக்கு டாக்டரே ஒப்புதல் தர வேண்டும் என்றது திரை. டாக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்றும் கேட்டது. அனுப்பினார். பதில் வரவில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் விவரங்களில் மாற்றம் ஏதுமில்லை என்று டாக்டர் உறுதி செய்ததாகக் கொள்ளப்படும். அப்படியே கொள்ளப்பட்டது. டாக்டர் ஸ்டெங் முன்னைவிடப் பளிச்சென்று பச்சையானார்.

வேறு வழியில்லாமல் வெண்டெல் டிரென்டின் அறைக்குப் போனார். டாக்டர் ஸ்டெங் இறந்துவிட்டார் என்று சொன்னார்.

டிரென்ட் வருத்தமான முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு, அது உறுதிப்படுத்தப்பட்டதா என்று கேட்டார். லூவான் சவ அடக்கத்துக்குப் போயிருந்ததை வெண்டெல் சொன்னார். டிரென்ட் பொறுமையாகத் தலையசைத்தார். லூவான் உறுதிப்படுத்தினாரா என்று தான் கேட்கவில்லை, டாக்டர் உறுதிப்படுத்தினாரா என்றுதான் கேட்டதாகச் சொன்னார். பிறகு எழுந்து வந்து வெண்டெலின் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணு யோசிங்க. இந்தாளு மூணு வருஷமா விலாசம் மாத்தல. போன் நம்பர் மாத்தல. லீவு போடல. ஒரு நோயாளியக்கூடத் திருப்பி அனுப்பல. எங்கிட்ட இருக்கறதுலயே ரொம்ப நிலையான தகவல் அவருதான். அவரத் தூக்கிட்டா இந்த வட்டாரத்துல மூட்டு டாக்டரே இல்லன்னு ஆகும். சுவரு சிவக்கும். அதனால யாருக்கு நல்லது? நோயாளிக்கா?"

தன் மனைவிதான் அந்த நோயாளி என்றார் வெண்டெல். டிரென்ட் உண்மையாகவே உருகினார். அப்படியானால் ஸ்டெங்கைத்தான் பார்க்க வேண்டும், அவருக்குக் கூட்டமே இருக்காது என்றார்.

டிசம்பரில் நிறுவனத்தின் ஆண்டு விருந்து துறைமுகத்து ஹோட்டலில் நடந்தது. காட்டரிசி சூப்பும் வறுத்த ஏரி மீனும் பரிமாறினார்கள். மார்லிஸ் முள்கரண்டியை முஷ்டிக்குள் வைத்துக் குழந்தைபோலச் சாப்பிட்டாள். யாரும் பார்க்காத மாதிரி வெண்டெல் அவளுக்கு மீனைத் துண்டு போட்டுக் கொடுத்தார். அவர்கள் மேசையில் எழுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி தனியாக உட்கார்ந்து இரண்டாவது கிண்ணம் சூப் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

விருதுகள் ஆரம்பித்தன. அந்த வருஷம் புதிதாக ஒரு விருது ஏற்படுத்தியிருந்தார்கள். தன் விவரங்களை மிக நிலையாக வைத்திருந்த மருத்துவருக்கு. டிரென்ட் மேடையில் உறையைப் பிரித்து டாக்டர் கோர்டன் ஸ்டெங் என்று வாசித்தார். கைதட்டல். மேசையிலிருந்த பெண்மணி வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து மெதுவாக மேடைக்குப் போனார். மைக்கைப் பிடித்து, தான் ஐலீன் ஸ்டெங், கோர்டனின் மனைவி என்றார். விருந்து அழைப்பிதழ் நாய்க் கடைக்குப் போய், கடைக்காரப் பெண் கொண்டுவந்து தன்னிடம் கொடுத்ததாகச் சொன்னார்.

"கோர்டன் வரல. ஏரில மீன் புடிக்கப் போன எடத்துல நெஞ்சு வலி வந்து செத்துட்டாரு, மூணு வருஷம் முந்தி. இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டாரு. உங்க கம்பெனிய அவருக்குப் புடிக்காது."

வெண்டெல், இப்போதாவது முடிந்தது என்று நினைத்தார். டிரென்ட் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். பிறகு மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மூணு வருஷம்" என்றார். "இப்பேர்ப்பட்ட நெலமையிலயும் அவரு விவரத்துல ஒரு எழுத்து பிசகல. உயிரோட இருக்கற டாக்டருங்க இதக் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கணும்."

முதலில் நிர்வாகக் குழு எழுந்து நின்றது. பிறகு கூடமே எழுந்து நின்று தட்டியது. ஐலீன் கண்ணாடிச் சதுரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார். இது என்னத்துக்கு ஆகும் என்று வெண்டெலிடம் கேட்டார். கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கலாம் என்றார் வெண்டெல். அப்போதுதான் ஐலீன் மார்லிஸின் கைகளைப் பார்த்தார். ஒரு மூட்டு டாக்டரோடு ஆயுளைக் கழித்தவர் அல்லவா, பார்த்ததும் புரிந்துகொண்டார். கோர்டனின் நோயாளிகளையெல்லாம் எடுத்துக்கொண்ட ஒரு இளம் டாக்டர் இருக்கிறாள், நொரீன் பாவ்லிக் என்று பேர், இப்போது க்ளோக்கேவில் இருக்கிறாள், உடனே போ என்று மார்லிஸிடம் சொன்னார்.

டாக்டர் பாவ்லிக்கின் பெயர் பைன்ஹார்பரின் பட்டியலில் இல்லை. முன்பு இருந்ததாம். லூவான் தேடிச் சொன்னார். இரண்டு தடவை கிளினிக் மாற்றினார். ஒரு தடவை போன் எண் மாறியது. பிறகு பிரசவ விடுப்பில் போனார். ஒவ்வொரு தடவையும் அவர் விட்ஜெட் மஞ்சளும் சிவப்புமாகத் துடித்தது. நடுக்கமுள்ள தகவல் என்று முத்திரை குத்தி நீக்கிவிட்டார்கள். வெண்டெல் அவரைத் திரும்பச் சேர்க்க முடியுமா என்று டிரென்டிடம் கேட்டுப் பார்த்தார். டிரென்டுக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருந்தது. நல்ல டாக்டராக இருக்கலாம், ஆனால் மோசமான தகவல் என்றார்.

மார்லிஸ் க்ளோக்கேவுக்குப் போனாள். பாவ்லிக் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, இன்னும் காலம் கடந்துவிடவில்லை என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். அந்தச் செலவைப் பைன்ஹார்பருக்கு அனுப்பினார்கள். மறுத்துவிட்டார்கள். உறுப்பினரின் வீட்டுக்கு அருகிலேயே தகுதியான மருத்துவர் ஒருவர் காத்திருக்கும்போது வெளியே போனது உறுப்பினரின் சொந்த விருப்பம் என்று காரணம் சொன்னார்கள்.

மார்லிஸ் மேல்முறையீடு செய்தாள். வெண்டெலுக்குப் பயம்தான். வேலை போனால் காப்பீடு போகும். காப்பீடு போனால் மருந்தும் போகும். அவள் கேட்கவில்லை. "நீ பயந்துக்கோ. நான் வண்டி ஓட்டணும்" என்றாள்.

விசாரணை அதே கட்டடத்தில், ஆறாம் மாடியில் நடந்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைமை ஏற்ற அம்மாள் முத்துமாலை போட்டு, கனிவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். சாட்சியாக டிரென்ட் வந்து திரையைச் சுவரில் விரித்தார். டாக்டர் ஸ்டெங் பச்சையாக மின்னினார். மார்லிஸ், அவர் இறந்துவிட்டார், அவருடைய மனைவியே உங்கள் மேடையில் ஏறிச் சொன்னார் என்றாள்.

"அம்மா, டாக்டர் உயிரோட இருக்காரா இல்லையாங்கறது மருத்துவக் கேள்வி" என்றார் டிரென்ட். "எங்களோடது தகவல் துறை. இங்க கேள்வி அவர் கிடைப்பாரா மாட்டாரான்னுதான். கிடைப்பாருன்னு இருக்கு."

இதுவரை அவர் எந்த நோயாளியையாவது பார்க்க மறுத்திருக்கிறாரா என்று தலைவி அம்மாள் கேட்டார். ஒருவரைக்கூட இல்லை என்றார் டிரென்ட். அவர்மேல் ஏதாவது புகார் உண்டா என்று இரண்டாவது ஆள் கேட்டார். இறந்த நாளிலிருந்து ஒன்றுகூட இல்லை என்று டிரென்ட் சொல்லிவிட்டு, முதல் இரண்டு சொற்களைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். நீக்கினார்கள். மூன்றாவது ஆள் எழுதிக்கொண்டே இருந்தார்.

மார்லிஸ் திரைப் பக்கம் திரும்பினாள்.

"சரி. அப்ப அவர்கிட்டயே போறேன். நேரம் போட்டுக் குடுங்க" என்றாள்.

குழுவுக்கு மெத்த மகிழ்ச்சி. இவ்வளவு சுமுகமான உறுப்பினரைப் பார்த்ததே இல்லை என்றார் தலைவி அம்மாள். அங்கேயே திரையில் நேரம் குறித்தார்கள். எல்லா நேரமும் காலியாக இருந்ததால் கொஞ்சம் திணறினார்கள். சிகிச்சை கிடைத்ததை நேரில் பார்த்துச் சான்று சொல்ல டிரென்டும் கூடப் போக வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

குறித்த நாளில் மார்லிஸ், வெண்டெல், டிரென்ட் மூவரும் நாய்க் கடைக்குப் போனார்கள். கடைக்காரப் பெண் டீனா, ஒரு பெரிய நியூஃபவுண்ட்லாந்து நாயைத் துவட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் நாய் எங்கே என்று கேட்டாள். டிரென்ட் தாங்கள் யார் என்று விளக்கினார். அவர் விளக்கி முடிக்கும்போது நாய் உடம்பை ஒரு முறை உதறியது. டிரென்ட் தன் கோட்டைத் துடைத்துக்கொண்டு கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தார். அதில் கேள்விகள் இருந்தன. விலாசம் சரியா? சரி. வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? இருக்கிறது. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு வாசல் இருக்கிறதா? நாய் வரும் வாசல், நல்ல அகலம். காத்திருக்கும் நேரம்? இல்லவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் டிக் போடப் போட டிரென்டின் முகம் மலர்ந்துகொண்டே போனது. மருத்துவரைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி வந்தது. ஆம், பின்னர் என்று இரண்டு பதில்கள்தான் இருந்தன. பின்னர் என்பதை அழுத்தினார்.

மார்லிஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். டீனா அவளுடைய விரல்களைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், நாய்களின் கால் கழுவும் தொட்டியை நன்றாகத் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்து அவள் மடியருகே வைத்தாள். "வலிக்குதுல்ல. கொஞ்ச நேரம் வெச்சிருங்க" என்றாள். மார்லிஸ் இரண்டு கைகளையும் உள்ளே விட்டாள். இரண்டு மாதத்தில் அந்த நிறுவனத்தில், அந்தச் சுவரில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்துவிட்டதுபோல அவள் முகம் தளர்ந்தது. கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கையில்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெண்டெல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரென்ட் அருகே வந்து குனிந்தார். தண்ணீர் இதமாக இருக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றாள் மார்லிஸ். டிரென்ட் அதையும் பதிந்துகொண்டார்.

அந்த வாரமே முடிவு வந்தது. உறுப்பினருக்கு நிறுவனத்தின் பட்டியலில் உள்ள விலாசத்தில் பராமரிப்பு அளிக்கப்பட்டுவிட்டதால் மேல்முறையீடு தேவையற்றதாகிறது. வழக்கு மூடப்பட்டது.

வெண்டெல் தன் படகை விற்றார். கோடையில் அந்தப் படகில்தான் அவர் மனுஷனாக இருப்பார்; இருந்தாலும் விற்றார். மார்லிஸ் ஒவ்வொரு தடவையும் கைக்காசு கொடுத்து டாக்டர் பாவ்லிக்கிடம் போனாள். மருந்து கேட்டது. மார்ச்சில் வீக்கம் வடிந்தது. ஒரு காலை அவள் காப்பிக் கோப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள். கோப்பையை ஆட்டிக் காட்டினாள். ஏப்ரலில் பேருந்துக்குத் திரும்பினாள்.

அந்த ஏப்ரலில்தான் டிரென்ட் சுவரில் புதிய விட்ஜெட் ஒன்றை ஏற்றினார். பராமரிப்பைப் பெற்றவர்கள் என்று அதற்குப் பெயர். வெண்டெலையே அமைக்கச் சொன்னார், அமைத்தார். காலைக் கூட்டத்தில் அதைத் திறந்து வைத்தபோது மார்லிஸின் பெயர்தான் முதலில் ஏறியது. துறையின் முதல் வெற்றிக் கதை என்றார் டிரென்ட். அவளுடைய கணவர் நம்மோடு இருப்பது நமக்குப் பெருமை, அவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

வெண்டெல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். இத்தனை பேர் முன்னால் அவர் பேசியதே இல்லை.

"என் பொண்டாட்டிக்குக் கை சரியாயிடுச்சு" என்றார். "க்ளோக்கேல ஒரு டாக்டரம்மா பாத்தாங்க. அவங்க இந்தச் சுவத்துல இல்ல. படக வித்து அவங்ககிட்டப் போனோம்."

லூவானின் ஊசி நின்றது. டிரென்ட் நெற்றியைச் சுருக்கி, நிஜமான அக்கறையோடு யோசித்தார். "அருமை. ஆனா இத எந்த விட்ஜெட்ல காட்டுறது?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஒரு துணைக்குழு அமைத்தார்கள். கூட்டம் கலைந்தது.

சாப்பாட்டு நேரத்தில் லூவான் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தார். அந்த டாக்டர் எண் என்ன என்று கேட்டார். தங்கைக்கு முழங்கால் என்றார். வெண்டெல் சொன்னார். பிறகு, பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்த குழுவிலிருந்து ஒரு இளைஞன் வந்தான். மாமனாருக்காம். அவன் போனதும் ஆறாம் மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். விசாரணையில் எழுதிக்கொண்டே இருந்த மூன்றாவது ஆள். அவர் யாருக்கென்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாதி மாடி வந்து போயிருந்தது. அவர்களில் ஒருவர்கூடத் தங்கள் சுவரைப் பார்த்து டாக்டர் தேடுகிறவர்கள் இல்லை என்று வெண்டெலுக்கு அன்றுதான் புரிந்தது.

எல்லோரும் கிளம்பும் நேரத்தில் டிரென்ட் வந்து மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றார். கொஞ்ச நேரம் வானிலை பற்றிப் பேசினார். ஏரியில் பனி உருக ஆரம்பித்துவிட்டது என்றார். பிறகு, பிரெய்னர்டில் இருக்கும் தன் அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கிக்கொண்டே போகிறது, ராத்திரி தூக்கமில்லை, டாக்டர் யாராவது தெரியுமா என்று கேட்டார்.

வெண்டெல் தன் திரையை அவர் பக்கம் திருப்பினார். மூட்டுவாதம் என்று தட்டினார். டாக்டர் கோர்டன் ஸ்டெங், பளிச்சென்று வந்து நின்றார்.

டிரென்ட் அதைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார்.

"இது இல்ல, வெண்டெல். நிஜ டாக்டர்."

வெண்டெல் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினார். அவசரம்தான் இருந்தது. எண்ணைத் தராமல் விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிரெய்னர்டில் தூங்காமல் கிடக்கிற கிழவிக்கு இந்தச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்றும் தோன்றியது. எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னார். டிரென்ட் கைபேசியை எடுத்தார். அது நிறுவனத்தின் கைபேசி என்பது நினைவுக்கு வந்து மறுபடி பைக்குள் போட்டார். மேசையிலிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஒரு தடவை வாசித்துக் காட்டிச் சரிபார்த்தார். சரிதானே என்று கேட்டார். சரி என்றார் வெண்டெல்.

டிரென்ட் நன்றி சொல்லிவிட்டு, எழுத்து அழியாதபடி கையை அரைகுறையாக மூடிக்கொண்டு, சுவரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.